வரம் வாங்காத வீரன்

கருந்தேவகத்தி பட்டது தன் எருமைகளுக்காக. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில், பழைய செங்கம் வட்டத்து எடத்தனூரில் அது நடந்தது. மந்தைக்குக் கள்ளர்கள் வந்தார்கள், அவன் எருமைகளின் பக்கம் நின்றான், விழுந்தான். அவனுக்காக எடுத்த நடுகல்லில் வட்டெழுத்தில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். கூடவே ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லே சொல்கிறது. அரசன் பெயர், ஆண்டு, ஆளின் பெயர், நாயின் பெயர், சாவின் காரணம். எந்தத் தெய்வம் அவனுக்கு என்ன அஸ்திரம் கொடுத்தது என்ற பேச்சே அதில் இல்லை.

செங்கம் பகுதிக் கற்களை இரா. நாகசாமி பதிப்பிக்க, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. அந்தக் கற்களில் வீரர்கள் பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது குறுவாள், முன்னோக்கி எடுத்து வைத்த கால். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்து நிற்கிறது. கல்வெட்டில் ‘இறந்தான்’ என்று இராது, ‘பட்டான்’ என்றிருக்கும். அடிபடு, புண்படு, படுகளம் எல்லாம் பிறந்த அதே வேர். அடியை வாங்கிக்கொண்டவன் என்பதே அவனுடைய பெருமை.

இந்தக் கட்டுரை இணைய விளையாட்டைப் பற்றியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கற்பனை உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் பூண்டு, மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக ஆடும் விளையாட்டுகள் இருக்கின்றன. யாராக ஆடப் போகிறாய் என்று வாசலிலேயே கேட்பார்கள். நெருப்பை வரவழைக்கும் மந்திரவாதி, தொட்டால் காயம் ஆற்றும் பூசாரி, மிருகங்களை ஏவும் வேடன், செத்தவர்களை எழுப்பி வேலை வாங்குபவன் என்று வரிசை நீளும். அந்த வரிசையில் வாரியரும் நிற்பான். வாள், கேடயம், இரும்புச் சட்டை. அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் இல்லை. இத்தனை வரங்கள் கேட்டவுடன் கிடைக்கும் ஓர் உலகத்தில் ஒருவர் ஏன் இவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இதற்குக் கணக்குகளால் விடை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள மண்ணில் இதைவிடப் பழைய, இதைவிடத் தெளிவான விடை இருக்கிறது என்பது என் துணிபு.

முதலில் வாரியரின் குடிவழி. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டபோது அதில் இருந்தவை மூன்றே வேடங்கள். சண்டைக்காரன், மந்திரக்காரன், சமயகுரு. அடுத்த ஆண்டு வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூல், சண்டைக்காரனின் உயிர்ப் புள்ளிகளுக்கு எட்டு முகப் பகடையும் மந்திரக்காரனுக்கு நான்கு முகப் பகடையும் உருட்டச் சொன்னது. ஒருவன் உடம்பால் தாங்குவான். மற்றவன் தொட்டால் விழுவான். தொடக்கத்தில் இது நியாயமான பங்கீடாகத்தான் தெரியும். படிகள் ஏற ஏற நிலைமை மாறிவிடும். சண்டைக்காரன் ஒரு படி ஏறினால் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவான். மந்திரக்காரன் ஒரு படி ஏறினால் அவன் வீசும் தீக்கோளத்தின் வலிமை கூடுவதோடு புதுப் புது மந்திரங்களும் கைக்கு வரும். ஒரே வீச்சில் கூட்டத்தையே எரிப்பான், பறப்பான், மறைவான். ஒருவனுடைய வளர்ச்சி கூட்டல், மற்றவனுடையது பெருக்கல். ஐம்பது ஆண்டுகளாக இந்த வழக்கு தீரவில்லை.

இணைய உலகங்களின் மூதாதையான ‘மட்’ 1978-இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. ராய் டிரப்ஷா தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தார். எழுத்துகளால் மட்டுமே ஆன அந்த உலகத்தில் ஆட்டக்காரர் எட்டக்கூடிய உச்சப் படியின் பெயர் ‘விசார்ட்’, அதாவது மந்திரவாதி. அந்தப் படியை எட்டியவருக்கு விளையாட்டின் விதிகளையே வளைக்கும் உரிமை உண்டு. மோட்சம் மந்திரவாதியாவதுதான் என்று முதல் நாளிலேயே எழுதிவிட்டார்கள்.

அப்படியிருக்க, 1999-இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ ஒரு விசித்திரத்தைக் காட்டியது. அந்த விளையாட்டில் மந்திரம் தெரிந்தவர்கள் பலர் தனியாகவே வேட்டையாடி மேலேறினார்கள். எதிரியின் காலைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூரத்தில் நின்று தாக்குவது அவர்கள் உத்தி. வாரியரால் அது முடியாது. அவனுக்கு அடி விழுந்துகொண்டே இருக்கும். ஆற்றிக்கொள்ள அவனிடம் வழி இல்லை. தன் தகுதிக்கு ஒத்த ஓர் எதிரியைக்கூடத் தனியாகச் சந்திக்க அவன் யோசிக்க வேண்டும். ஆனால் ஆறு பேர் சேர்ந்த குழுவிலோ, பல பத்துப் பேர் திரண்டு போகும் ரெய்டிலோ அவன் இல்லாவிட்டால் நிலைமை தலைகீழ். பூதத்தின் முதல் அடியிலேயே மந்திரவாதிகள் வரிசையாகச் சாய்வார்கள். தனியாக ஒன்றுமில்லாதவன், கூட்டத்தில் தவிர்க்க முடியாதவன். இந்த இரண்டும் ஒரே காரணத்தால் விளைந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். தனக்கென்று எதுவும் செய்துகொள்ள முடியாததால்தான் அவன் அத்தனையையும் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கிறான்.

2004 நவம்பரில் வெளியான ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ இதை இன்னும் நுட்பமாக்கியது. மந்திரவாதியின் சக்திக்கு அங்கே மானா என்று பெயர். (பசிபிக் தீவு மொழிகளிலிருந்து மானுடவியல் வழியாக விளையாட்டுகளுக்கு வந்த சொல், நம்முடைய மானத்தோடு அதற்கு உறவில்லை.) மந்திரவாதி நிறைந்த குடத்தோடு சண்டைக்கு வருகிறான்; ஒவ்வொரு மந்திரத்துக்கும் குடம் குறைகிறது. வாரியருக்கு மானா கிடையாது. அவனுக்கு இருப்பது ரேஜ், சினம். அந்தக் குடம் சண்டை தொடங்கும்போது காலியாக இருக்கும். அவன் அடித்தால் கொஞ்சம் ஏறும்; அடி வாங்கினாலும் ஏறும். சண்டை ஓய்ந்தால் தானாக வற்றிவிடும். சேமித்து வைக்க முடியாது. ஒரு விளையாட்டு நிரலில் இதைவிட உண்மையான மனித அறிவு பதிந்திருப்பதை நான் கண்டதில்லை. மந்திரவாதியின் பலம் முன்கூட்டியே சம்பாதித்தது. வீரனின் பலம் அந்த இடத்தில், அந்த நேரத்தில், படும் அடியிலிருந்து எழுவது.

அவனிடம் இன்னொன்றும் உண்டு. டான்ட் என்பார்கள்; நம் சொல்லில் வசை. பலவீனமான தோழனை நோக்கி எதிரி திரும்பும்போது, வாரியர் அவனைச் சீண்டித் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். ‘அவனை விடு, என்னிடம் வா’ என்பதுதான் அதன் பொருள். டேங்க் என்று இந்தப் பொறுப்புக்குப் பெயர். நாற்பது பேர் கொண்ட ரெய்டில் முப்பத்தொன்பது பேருடைய உயிர், ஒருவன் எதிரியின் கோபத்தைத் தன் மேல் நிறுத்தி வைத்திருக்கும் திறமையில் தொங்கும். புண்ணை எண்ணிக்கொண்டே பின்னால், காயம் ஆற்றும் ஒரு ஹீலர் நிற்பார். வாரியர் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இல்லை. அவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறான்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பதினெட்டாம் போர் நினைவுக்கு வருகிறது.

செய்யாறு, ஆரணி, வந்தவாசி, போளூர் வட்டாரத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவென்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. விழாவின் முடிவை ஒட்டி வருவது பதினெட்டாம் போர். துரியோதனன் வேடக்காரர் கிரீடமும் புயக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து பாடி வெளிப்பட்டால், விடியும்வரை களம் அவருடையது. தமிழ்ப் பாரதம் சொல்லும் கதைப்படி, படைகள் எல்லாம் அழிந்த பிறகு துரியோதனன் ஒரு மடுவுக்குள் மூழ்கி மந்திரம் செபிக்கிறான். செபம் முடிந்தால் செத்த படை முழுதும் எழுந்துவிடும். பதினெட்டு நாள் போரும் வீணாகிவிடும். கரையில் நிற்கும் வீமனிடம் அதற்கு எதிர்மந்திரம் இல்லை. அவனிடம் இருப்பது கதாயுதமும் வாயும். அவன் வைகிறான். ஒளிந்துகொண்ட நீயா அரசன் என்று மானத்தைத் தொட்டு வைகிறான். துரியோதனனால் பொறுக்க முடிவதில்லை. செபத்தைப் பாதியில் விட்டுவிட்டு நீரைக் கிழித்துக்கொண்டு எழுகிறான். ஒரு வசைச்சொல் ஒரு மகாமந்திரத்தை முறித்துவிடுகிறது.

வாரியரின் டான்ட் இதுதான். அந்த விளையாட்டைச் செய்த கலிபோர்னிய நிரலாளர்களுக்கு வில்லிபுத்தூரார் பாரதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மந்திரம் இல்லாதவனுக்கு எதிரியின் மானம்தான் பிடிமானம் என்ற உண்மையை இரண்டு இடங்களிலும் தனித்தனியாகக் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பின் மேடையிலிருந்து சண்டை இறங்கிவிடுகிறது. ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். கூத்தாடிகள் இருவரும் அந்தப் படுகளத்தைச் சுற்றி ஓடுகிறார்கள்; ஊரும் ஓடுகிறது. தொடையில் அடி விழுகிறது. உள்ளே வைத்த செந்நீர் தெறிக்கிறது. திரௌபதி கூந்தல் முடிகிறாள். அன்று மாலை தீமிதி. பார்வையாளர் யார், வேடக்காரர் யார் என்ற கோடு அந்தக் காலையில் அழிந்துவிடும். இத்தனை பேர் ஒன்றாக ஆடும் விளையாட்டு உலகில் வேறெங்கே இருக்கிறது என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் ‘திரௌபதி வழிபாடு’ பற்றி 1988-இலும் 1991-இலும் வெளியிட்ட இரண்டு பெருநூல்களில் இந்தச் சடங்குகளுக்குக் கொடுத்த இடம் அவ்வளவு பெரியது என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

கூத்துக்காரரின் உழைப்பையும் சொல்ல வேண்டும். கட்டை வேடம் என்ற பெயருக்கேற்ப அணிகலன்கள் மரத்தால் ஆனவை. அவற்றைச் சுமந்துகொண்டு சலங்கைக் காலோடு கிறுகி சுற்ற வேண்டும், அடுத்த கணமே உச்சக் குரலில் பாட வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் பின்பாட்டுக்காரர்கள் அடியை எடுத்துக்கொள்வார்கள். மத்தளம் தூக்கிவிடும், முகவீணை பாட்டோடு கூடவே வரும், கட்டியங்காரன் இடைபுகுந்து ஒரு வார்த்தை பேசி ஓய்வு கொடுப்பான். தனி ஆளாகப் பார்த்தால் கட்டை வேடக்காரர் விடியும்வரை தாங்க முடியாது. குழு தாங்குகிறது. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைக் கண்டு நாடகாசிரியர் ந. முத்துசாமி போன்றவர்கள் வியந்தது அந்தக் கூட்டுறுதியைக் கண்டுதான் என்று நான் நினைக்கிறேன்.

வீமனைவிடவும் என் வாதத்துக்கு நெருக்கமானவன் கர்ணன். அவன் பிறக்கும்போதே வரத்தோடு பிறந்தவன். கர்ண மோட்சம் கூத்து அந்த வரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் கதை. கவச குண்டலத்தை இந்திரன் வாங்கிக்கொண்டு போனான். நாகாஸ்திரத்தை ஒரு முறைக்கு மேல் விடக்கூடாது என்று குந்தி வாக்கு வாங்கினாள். கற்ற அஸ்திர மந்திரம் தக்க சமயத்தில் மறந்து போகட்டும் என்று பரசுராமர் சபித்தார். சல்லியன் தேரை விட்டு இறங்கிவிட்டான். சக்கரம் மண்ணில் புதைந்தது. கடைசியில் கண்ணன் கிழப் பிராமணனாக வந்து செய்த புண்ணியத்தையும் தாரை வார்த்து வாங்கிக்கொள்கிறான். ஒரு விளையாட்டு வடிவமைப்பாளர் இதைப் பார்த்தால், லெவல் கீழே இறங்கிக்கொண்டே போகிறதே என்பார். ஆம், இறங்குகிறது. கர்ணன் உயர்வதும் அதே வேகத்தில்தான். மந்திரம் எல்லாம் போன பிறகு எஞ்சுவது ஒரு மனிதனும் அவன் கொடுத்த வாக்கும். அந்த எச்சத்தைப் பார்க்கத்தான் ஊர் விழித்திருக்கிறது. இந்த வடமாவட்டங்களில் சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போகிறவனின் கதையைத் தவிர வேறெந்தக் கதையை அங்கே ஆடுவது?

என் வாதத்துக்கு எதிராக ஒரு சான்று கண்ணெதிரிலேயே இருக்கிறது: அர்ச்சுனன் தபசு. பாசுபதாஸ்திரம் பெறுவதற்காக அர்ச்சுனன் தவம் செய்யும் அந்தக் கூத்துக்கும் திருவிழாவில் தனி நாள் உண்டு. வானளாவ நட்ட தபசு மரத்தின் மேல் வேடக்காரர் ஏறிப் பாடுவார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சைக்கும் பூவுக்கும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடி ஏந்தி நிற்பார்கள். வரத்தை மக்கள் கொண்டாடவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. ஆனால் தபசு மரத்தின் மேல் ஒரே ஆள். மடுவுக்குள் துரியோதனனும் ஒரே ஆள். மந்திரம் தனிமையில் சித்திப்பது. அதைப் பெற ஊரை விட்டு, உடன்பிறந்தவர்களை விட்டு, மரத்தின் மேலோ நீருக்குள்ளோ போக வேண்டியிருக்கிறது. எவர்குவெஸ்டின் மந்திரவாதி தனியாகவே மேலேறியதும் இதே இலக்கணம்தான். வீரனின் வழி வேறு. அவன் விலகிப் போனால் வீரனாக இருக்க முடியாது. காக்க யாருமில்லாத இடத்தில் கேடயத்துக்கு வேலை இல்லை.

இதனால்தான், மந்திரவாதிக்கு ஈடாக வாரியரை உயர்த்தும் வழியாக அவன் வாளுக்கும் ஒளியையும் இடியையும் கொடுக்கும் போக்கை நான் தவறு என்கிறேன். 2008-இல் வந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸின் நான்காம் பதிப்பு, சண்டைக்காரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே வார்ப்பில் ஆற்றல்களை வகுத்துத் தந்தது. கணக்கு சமமானது. ஆனால் எல்லா வேடமும் ஒன்றுபோல ஆகிவிட்டது என்று ஆட்டக்காரர்கள் பலர் குறைப்பட்டார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு எளிய சண்டைக்காரனைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்தக் குறையில் நியாயம் இருந்தது. வாரியரைத் தேர்ந்தெடுத்தவர் வலிமை போதாமல் வருந்தியவர் அல்லர். தன் பங்கை இழந்ததற்காக வருந்தியவர். நான்கு பேர் என்னை நம்பி நிற்கிறார்கள், நான் அவர்களை நம்பி நிற்கிறேன் என்ற நிலையை அவருக்குத் தந்த வேடம் அது. அவர் கையிலும் மந்திரக்கோலைக் கொடுத்துவிட்டால் அவருக்கு யாரும் தேவையில்லை. அவரும் யாருக்கும் தேவையில்லை.

வலிமையைப் பெருக்குவதற்குப் பதிலாக, விழுந்த வீரனை மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை விளையாட்டுகள் யோசிக்கலாம். பெரும்பாலான இணைய உலகங்களில் வாரியர் செத்தால் சற்று நேரத்தில் எழுந்துவிடுவான். சேதமான இரும்புச் சட்டையைச் செப்பனிடக் கொஞ்சம் பொற்காசு செலவாகும், அவ்வளவுதான். தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை வகுத்தது. கல்லைக் காண்பது, கொண்டு வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. ஆறும் பிறர் செய்பவை. செங்கண்மா நன்னனைப் பாடிய மலைபடுகடாமில், அவன் ஊருக்குப் போகும் வழியெங்கும் இத்தகைய கற்கள் இருந்த செய்தி வருகிறது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம்.

விழுந்த வீரனைப் பிறர் போற்றும் இந்த மரபின் உச்சம் திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன், துவாரசமுத்திரம் வடநாட்டுப் படைகளால் சிதைந்த பிறகு, திருவண்ணாமலையைத் தலைமையிடமாக்கிக்கொண்டு போரிட்டவன். 1340-களின் தொடக்கத்தில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு எண்பது வயதுக்கு மேல் என்றும், உரித்த தோலில் வைக்கோலை அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள் என்றும் அந்தக் காலத்தில் மதுரைக்கு வந்த இபின் பதூதா எழுதியிருக்கிறார். எண்பது வயதுக் கிழவனைக் காப்பாற்ற எந்த அஸ்திரமும் வரவில்லை. கோயில் மரபு இந்த வல்லாளனைப் பிள்ளை இல்லாதவன் என்கிறது. அதனால் அண்ணாமலையாரே அவனுக்குப் பிள்ளையாக வேடம் ஏற்றார். இன்றும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுப் போய், கௌதம நதிக்கரையில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். எல்லா மந்திரங்களுக்கும் உரியவர், விழுந்த ஒரு போர்வீரனுக்காகச் சாதாரண மகனின் வேடத்தில் இறங்கி வருகிறார்.

தமிழ்நாட்டில் இன்று விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தம் முதல் உலகத்தைக் கட்டும்போது பலரும் மந்திரங்களின் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். எடத்தனூர்க் கல்லின் படத்தைத் தேடிப் பாருங்கள். அந்த நாயையும் பாருங்கள். பிறகு செய்யாறு பக்கமோ ஆரணி பக்கமோ ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போய், பதினெட்டாம் போர் நாளன்று விடியும்வரை உட்காருங்கள். பங்குனியில் தொடங்கிக் கோடை முழுவதும் ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. உட்கார ஒரு பாய் மட்டும் கொண்டு போங்கள்.